அரக்குப் பட்டில் பத்து ஜெர்சிகள்

படிக்காதவன் தவறு செய்யக் கிளம்பினால் பாதி வழியில் யாராவது கையைப் பிடித்து நிறுத்திவிடலாம். படித்தவனை நிறுத்த முடியாது. அவனிடம் காரணங்கள் இருக்கும். நான் எம்.ஏ., பி.எட்., இரண்டிலும் முதல் வகுப்பு. ஆகவே என்னை நிறுத்தக் காஞ்சிபுரத்தில் ஒருவராலும் முடியவில்லை.

முப்பத்து நான்கு வருடம் மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்தியவன் நான். எந்தப் போரில் எந்த அரசன் எதனால் தோற்றான் என்று பத்து மதிப்பெண்ணுக்கு எழுத வைத்தவன். நான் ஒருவனே காரணமாக இருந்த ஒரு தோல்வியைப் பற்றி இதுவரை ஒரு வரி எழுதியதில்லை. இப்போது எழுதுகிறேன். (என் மனைவி கமலா எட்டிப் பார்த்து, "முழுசா எழுதுங்க, பாதியை முழுங்கிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.)

எங்களுக்கு ஒரே மகள், கலைவாணி. வீட்டில் வாணி. அவள் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது பள்ளி ஆண்டு விழாவுக்குத் தோரணம் கட்ட எல்லாரும் ஸ்டூல் தேடிக்கொண்டிருந்தார்களாம். இவள் நின்ற வாக்கிலேயே கையைத் தூக்கிக் கட்டிவிட்டாள். உடற்கல்வி டீச்சர் அதைப் பார்த்துவிட்டார். மறுநாளே கையில் ஒரு கூடைப்பந்தைக் கொடுத்தார். அன்றோடு எங்கள் வீட்டுச் சுவர்களுக்கு நிம்மதி போயிற்று. கல்லூரி மூன்றாம் வருடம் வந்தபோது வாணி ஆறடி ஓர் அங்குலம். வீட்டுக்குள் நுழையும்போது நிலைப்படிக்குத் தலை வணங்கித்தான் நுழைவாள். வேறு யாருக்கும் அவள் அப்படிக் குனிந்து நான் பார்த்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் சென்னையில் ஒரு வங்கி பெண்கள் கூடைப்பந்து அணி வைத்திருந்தது. அந்த அணியில் சேர்த்துக்கொண்டால் வேலையும் அவர்களே தருவார்கள். காலையில் பயிற்சி, அப்புறம் கவுண்டர், சாயங்காலம் மறுபடி பயிற்சி. விளையாடுவதே உத்தியோகம். வாணிக்கு வாழ்க்கையில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான். இரண்டு வருடமாகக் காத்திருந்தாள். 'சென்டர்' என்று கூடைக்கு அடியில் நின்று ஆடுகிற உயரமான பெண்ணுக்கு அந்த அணியில் ஓர் இடம், ஒரே ஓர் இடம், காலியானது. அதன் பயிற்சியாளர் சரோஜினி மேடம், எங்கள் ஊரில் நடக்கவிருந்த போட்டியின் இறுதி ஆட்டத்தைப் பார்க்க வருகிறார், அந்த ஒரு ஆட்டத்தை வைத்தே முடிவு செய்வார் என்று தகவல் வந்தது.

அந்தச் சமயத்தில் எங்கள் ஊர்க் கூடைப்பந்துக் குழுவுக்குச் செயலாளர் நான். பந்தை நான் தொட்டதுகூட இல்லை. ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரியும் என்பதற்காகப் போட்டிருந்தார்கள். பெண்கள் அணியின் பழைய ஜெர்சிகள் சாயம் வெளுத்து, நம்பர் உதிர்ந்து கிடந்தன. புதிதாகத் தைக்க வேண்டும் என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. நான் எழுந்து நின்றேன்.

"பட்டுக்குப் பேர்போன ஊர் நம்ம ஊர். இறுதி ஆட்டத்துக்கு நம்ம பெண்கள் பனியன் துணியில் வந்து நிற்பதா? பட்டிலேயே தைப்போம். பொறுப்பு என்னுடையது."

கைதட்டினார்கள். அது ஊர்ப் பெருமைக்காகச் சொன்ன வார்த்தை என்று எல்லாரும் நினைத்தார்கள். அதற்கு நான்கு நாள் முன்பு என் பெரியண்ணன் டீக்கடையில் எல்லார் எதிரிலும் என்னிடம் கேட்டிருந்தார்: "ஏம்பா வாத்தியாரே, உம் பொண்ணு அரை டிராயர் போட்டுக்கினு குதிக்குதாமே? முட்டி தெரியுதுன்னு ஊரே பேசிக்கினு இருக்குது. உனக்குக் காது கேக்குதா, இல்லியா?" எனக்குக் காது நன்றாகவே கேட்டது. பனியன் துணியை நீளமாகத் தைத்தால் ஏன் என்று கேட்பார்கள். பட்டை நீளமாகத் தைத்தால் யாரும் கேட்க மாட்டார்கள் அல்லவா? இதுதான் முதல் வகுப்பு வாங்கிய மூளை வேலை செய்கிற விதம்.

கமலாவின் தம்பி தட்சிணாமூர்த்தி தறி நெய்கிறவன். அவன் வீட்டுக்குப் போய் அரக்குச் சிவப்பில் உடலும், மாம்பழ மஞ்சளில் ஜரிகைக் கரையும் வைத்துத் துணி வேண்டும் என்றேன்.

"யாருக்குக் கல்யாணம் மாமா?"

"கல்யாணம் இல்லை மச்சான். பாஸ்கெட்பால்."

அவன் தறியில் ஓடிக்கொண்டிருந்த நாடாவை அப்படியே நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான். "மாமா, பட்டு இன்னாத்துக்குத் தெரியுமா? கட்டிக்கினு உக்கார்றதுக்கு. கட்டிக்கினு குதிக்கிறதுக்கு இல்ல."

"நீ நெய். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

நெய்தான். தைக்கக் கொடுத்த இடம் அடுத்த தவறு. எங்கள் தெருவிலேயே இருந்த தையல்காரர் நாற்பது வருடம் ரவிக்கை மட்டுமே தைத்தவர். அரைக்கை, கழுத்து ஒட்டி, உடல் நீளம் முழங்காலுக்குக் கீழே நான்கு விரல் என்று அளவு சொன்னேன். அவரும் சொன்னபடியே தைத்து, பின்பக்கம் வரிசையாக ஊக்கும் வைத்துக் கொடுத்துவிட்டார். நம்பர்கள் ஜரிகையில். வாணிக்குப் பதினொன்று.

அவள் அதைக் கையில் விரித்துப் பார்த்தாள். "அப்பா, இது ஜெர்சியா, பாவாடை சட்டையா?"

"வரலாறு தெரியுமா உனக்கு? மங்கோலியப் படைவீரர்கள் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டுதான் பாதி உலகத்தை ஜெயித்தார்கள்."

"அவங்க குதிரை மேல உக்காந்துக்கினு போனாங்கப்பா. ஓடினது குதிரை."

கமலா அடுப்படியில் சிரித்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் கேட்காத மாதிரி இருந்தேன். ஜெர்சிகளை அம்மன் சன்னிதியில் வைத்துப் பூசை செய்து, ஒவ்வொன்றின் ஓரத்திலும் மஞ்சள் தடவிக் கொண்டுவந்தேன். குழுத் தீர்மானம், அம்மன் பிரசாதம் இரண்டும் சேர்ந்துவிட்ட பிறகு வாணியால் என்ன பேச முடியும்?

இறுதி ஆட்டம் வேலூர் அணியோடு. சித்திரை மாத வெயில், சாயங்காலம் நான்கு மணி, சிமெண்ட் தரை. எங்கள் பத்துப் பெண்களும் வரிசையாக மைதானத்துக்குள் வந்தபோது ஊரே எழுந்து நின்றது. பெண்கள் பக்கத்திலிருந்து, "அந்த பார்டர் எந்தக் கடையிலடி?" என்று ஒரு குரல் வந்தது. நான் நெஞ்சை நிமிர்த்தினேன். வேலூர் அணித் தலைவி, கட்டையாக, துறுதுறுவென்று ஒரு பெண், பேர் சுமதி, அவளுக்கும் நம்பர் பதினொன்று. அவள் வாணியிடம் கை கொடுக்கும்போதே கேட்டாள்: "அக்கா, மேட்சுக்கு வந்தீங்களா, முகூர்த்தத்துக்கு வந்தீங்களா?"

சரோஜினி மேடம் எதிர்ப் பக்கம், சாமியானாவின் கடைசி நாற்காலியில், குட்டையாக வெட்டிய தலைமுடியும் மடியில் நோட்டுப் புத்தகமுமாக உட்கார்ந்திருந்தார்.

ஆட்டம் தொடங்கியது. முதல் பந்துக்காக எங்கள் பெண்கள் கைகளைத் தூக்கினார்கள். அக்குளில் 'பர்ர்' என்று ஐந்து சத்தம், ஒன்றன்பின் ஒன்றாக. அடுத்து முதுகில் ஊக்குகள் தெறித்தன. (ஒரு ஊக்கு நடுவரின் விசிலில் போய்ப் பட்டது என்று கமலா சொல்கிறாள். அவ்வளவு தூரம் போகவில்லை. காலடியில்தான் விழுந்தது.) பந்தை மார்போடு அணைத்தால் பட்டு வழுக்கி, பந்து தானாக வேலூர்க்காரிகளிடம் போய்ச் சேர்ந்தது. முழங்காலுக்குக் கீழே தொங்கிய துணி ஒவ்வொரு அடிக்கும் காலைத் தடுத்தது. மேற்கு வெயில் ஜரிகையில் பட்டு, புள்ளி எழுதுகிறவர் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, "சார், நம்பர் ஒண்ணும் தெரியல, கண்ணு கூசுது" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

இதெல்லாம் ஒன்றுமில்லை. ஐந்தாவது நிமிடத்தில் வியர்க்கத் தொடங்கியது.

நம் ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். புதுப்பட்டை யாரும் தண்ணீரில் போட மாட்டார்கள். மொடமொடப்பு போய்விடும். கல்யாணப் புடவை முதல் சலவை பார்க்கவே வருடம் ஆகும். மேடையில் விசிறிக் காற்றில் உட்கார்ந்திருக்கும் மணப்பெண்ணுக்கு அது சரி. மணப்பெண் வெயிலில் நாற்பது நிமிடம் ஓடினால் என்ன ஆகும் என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. நான் சோதித்தேன்.

முதலில் நான்காம் நம்பர் பெண்ணின் முழங்கையிலிருந்து சிவப்பாக ஒரு கோடு இறங்கியது. நடுவர் விசில் ஊதினார். ரத்தம் வந்தால் ஆட்டக்காரர் உடனே வெளியேற வேண்டும், ரத்தம் நின்ற பிறகுதான் உள்ளே வரலாம் என்பது விதி.

"ரத்தம்! நாலு, வெளியே!"

உடனே ஏழு. பிறகு வாணி. அவள் கழுத்திலிருந்து, கையிலிருந்து, காலிலிருந்து ஒழுகியது. "பதினொண்ணு, வெளியே! அய்யய்யோ, யாராவது டாக்டரைக் கூப்பிடுங்கப்பா!" பதிலுக்குப் போனவர்களும் மூன்று நிமிடத்தில் ஒழுகத் தொடங்கினார்கள். இடித்து ஆடிய வேலூர்ப் பெண்களின் வெள்ளை ஜெர்சிகளில் சிவப்புக் கை, சிவப்புத் தோள். பந்து சிவப்பு. கல்யாண வீட்டில் முறைப்பெண்கள் ஆரத்தித் தண்ணீர் ஊற்றி விளையாடிய மாதிரி இருந்தது மைதானம்.

முதலுதவிக்கு வந்திருந்த நர்ஸம்மா பஞ்சால் வாணியின் கையைத் துடைத்தார். பஞ்சு சிவந்தது. காயத்தைத் தேடினார், காணவில்லை. பஞ்சை முகர்ந்து பார்த்தார்.

"இது ரத்தமில்ல சார். சாயம். கஞ்சி வாசனை வருது பாருங்க."

நடுவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். சாயத்துக்கு விதி இல்லை. எங்கள் பெண்கள் மறுபடி உள்ளே போய் வழுக்கினார்கள். இடைவேளையின்போது நாங்கள் பதினான்கு புள்ளி பின்னால் இருந்தோம்.

வாணி நேராக என்னிடம் வந்தாள். முகத்தில் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன. கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இது ஊருக்காகவா, முட்டிக்காகவா?"

"ஊருக்காகத்தாம்மா" என்றேன்.

"சரிப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் அவளிடம் சொன்ன பொய்கள் அதிகமில்லை. சொன்னவற்றில் இதுதான் மோசமானது. அவள் நம்பவில்லை என்பதும் எனக்குத் தெரிந்தது.

அப்போது சுமதி ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு அணியும் வெள்ளையில் ஒன்று, கருநீலத்தில் ஒன்று என்று இரண்டு செட் ஜெர்சி கொண்டுவரும். "அக்கா, எங்களோட நீல செட்டு சும்மாதான் இருக்குது. போட்டுக்கோங்க. இப்படி ஜெயிச்சா எங்களுக்கே அசிங்கம்." நடுவர் சம்மதித்தார். அவரவர் நம்பரே இருந்ததால் எங்கள் பெண்கள் வேலூர் என்று நெஞ்சில் எழுதிய ஜெர்சியும் அரை டிராயருமாக இறங்கினார்கள்.

அதன் பிறகு நான் பார்த்ததை ஒழுங்காக எழுத எனக்குத் தெரியவில்லை. எட்டு வருடமாக அவள் ஆடுகிறாள், நான் ஒரு ஆட்டத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை. யார் அவள் காலைப் பார்க்கிறார்கள் என்றே சுற்றிலும் பார்த்துக்கொண்டிருப்பேன். அன்று குற்றவாளியாகத் தலை குனிந்து உட்கார்ந்திருந்ததால், நிமிரும்போதெல்லாம் கண்ணில் அவள் மட்டும் பட்டாள். கூடைக்கு முதுகைக் காட்டி நின்று பந்தை வாங்கி, ஒரு தோளை அசைத்து எதிரியை ஒருபக்கம் அனுப்பிவிட்டு, மறுபக்கம் திரும்பி எழும்பினாள். அவசரமே இல்லை. மேலே போன பிறகு அங்கேயே கொஞ்சம் யோசித்துவிட்டுப் பந்தைப் போட்ட மாதிரி இருந்தது. முட்டியை யாரும் பார்க்கவில்லை. பார்க்க அவர்களுக்கு நேரம் எங்கே?

பதினான்கு புள்ளியைத் துரத்தி, ஒரு புள்ளியில் தோற்றோம். அந்தப் புள்ளி என்னுடையது.

கோப்பை கொடுத்து முடிந்ததும் மைக்கில் அழைப்பு வந்தது: "வேலூர் அணி, பதினொன்றாம் எண் வீராங்கனை சுமதி, சரோஜினி மேடம் அழைக்கிறார்." வாணியின் முகம் சுருங்கியது. நானும் அவள் பின்னாலேயே சாமியானாவுக்குப் போனேன்.

மேடம் சுமதியை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, பத்து நிமிஷத்துல இப்படிச் சுருங்கிட்டியே?"

"நீங்க தேடறது நானில்ல மேடம். எங்க டிரெஸ்ஸப் போட்டுக்கினு ஆடின காஞ்சிபுரத்து அக்கா. இதோ நிக்கறாங்க."

மேடம் நோட்டைப் புரட்டினார். "காஞ்சிபுரம் பதினொண்ணா? ரத்தக் காயம்னு வெளிய போன பொண்ணாச்சே. அடிபட்ட உடம்போட எப்படி எடுக்கறது? எங்களுக்கு நாளைக்கே ஆடணும்." தூரத்தில் உட்கார்ந்திருந்த அவருக்குச் சாயக் கதையும் போய்ச் சேரவில்லை, ஜெர்சி மாற்றிய கதையும் போய்ச் சேரவில்லை; நீல ஜெர்சியில் இருந்த ஊரையும் நம்பரையும் பார்த்து அப்படியே எழுதிக்கொண்டிருக்கிறார். நோட்டை மூடிவிட்டார். கார் கதவு திறந்திருந்தது.

"காயமில்ல மேடம்" என்றாள் வாணி. "டிரெஸ்ஸுல சாயம் போச்சு."

"யார் தைச்சாங்க அதை?"

வாணி என் பக்கம் திரும்பவே இல்லை. "ஊர்க் குழுவுல தைச்சாங்க மேடம்."

என்னைக் காப்பாற்றுகிறாள். அதுவும் அவளுடைய இரண்டு வருடம் கார் ஏறிப் போகிற நேரத்தில்.

"குழு இல்லை. நான்" என்றேன். "இவள் அப்பா. முட்டியை மறைப்பதற்காகப் பட்டில் நீளமாகத் தைக்கச் சொன்னேன். ஊர்ப் பெருமை என்று எல்லாரிடமும் சொன்னேன். இவளிடமும் அதையே சொன்னேன். பொய். இவள் உடம்பில் ஒரு கீறலும் இல்லை. வேண்டுமானால் நர்ஸம்மாவைக் கேளுங்கள். தோற்றதற்கும் நான்தான் காரணம்."

பின்னால் பெரியண்ணன் நின்றிருந்தார். இன்னும் பாதி ஊர் நின்றிருந்தது.

மேடம் என்னைப் பார்த்தார், வாணியின் கையில் ஒட்டியிருந்த சிவப்பை விரலால் தேய்த்துப் பார்த்தார், பிறகு கேட்டார்: "எங்க டீம்ல முட்டி தெரியும் சார். சம்மதமா?"

"சம்மதம்."

"உங்களைக் கேக்கல. உங்க பின்னால நிக்கறாரே, அவரைக் கேக்கறேன். ரொம்ப நேரமா அவர்தான் முறைச்சிக்கினு இருக்காரு."

கூட்டம் சிரித்தது. பெரியண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எனக்கின்னாமா? கொழந்தை நல்லாத்தான் ஆடுச்சு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. வாணி பதினொரு வருடம் அந்த அணிக்கு ஆடினாள். மூன்று வருடம் தலைவி. பஞ்சாபிலிருந்தும் அசாமிலிருந்தும் அஞ்சலட்டை போடுவாள்: 'ஜெயித்தோம். சப்பாத்தி. குளிர். வாணி.' இந்திய அணியின் பயிற்சி முகாம் வரை போய், கடைசிப் பன்னிரண்டு பேரில் வராமல் திரும்பினாள். அழுதுவிட்டு மறுநாள் பயிற்சிக்குப் போனாள். நடுவில் இடது முட்டி திரும்பி அறுவை சிகிச்சை. மூன்று மாதம், காஞ்சிபுரத்தை ஒட்டிய செவிலிமேட்டில் இருந்த எங்கள் வீட்டில், தினமும் காலையும் மாலையும் அந்த முட்டியை என் இரண்டு கையாலும் பிடித்து, மருத்துவர் சொன்ன அளவுக்கு மடக்கி நீட்டியது நான்தான். வாசலில் உட்கார்ந்துதான் செய்வோம். காற்று நன்றாக வரும். தெருவில் போகிறவர்கள் நின்று, "இன்னிக்கு எவ்ளோ மடங்குது வாணி?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

அவள் வங்கியிலேயே வேலை பார்த்த சேகரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவளைவிட நான்கு விரல் குட்டை. அதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. பெண் பார்க்க வந்த அன்று, நான் பெருந்தன்மையாக, "பையன் நல்ல தரம், பார்த்தாலே தெரிகிறது" என்று ஆரம்பித்தேன். கமலா காபித் தட்டை வைத்துக்கொண்டே, "நீங்க தரம் பார்த்த கதையைத்தான் ஊரே பார்த்துதே" என்றாள். சேகரின் அம்மா என்ன கதை என்று கேட்க, வாணி ஒன்று விடாமல் சொன்னாள். தெறித்த ஊக்கைக்கூட விடவில்லை.

கல்யாணத்துக்கு மறுநாள் காலை மாப்பிள்ளை குளித்துவிட்டுத் தலை துவட்டாமல், நீர் சொட்டச் சொட்ட என் நாற்காலிக்கு எதிரில் வந்து நின்றார். இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "மாமா, நல்லாப் பாத்துக்கோங்க. நாலு சொம்பு சுடுதண்ணி ஊத்தியாச்சு. ஒண்ணும் போகல."

அன்று முதல் ஒவ்வொரு தீபாவளிக்கும் எண்ணெய்க் குளியல் முடிந்ததும் ஈரத்தோடு நேராக என்னிடம் வந்து நிற்பார். வீட்டில் எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டுக் கூடிவிடுவார்கள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரை ஒரு சுற்றுப் பார்த்து, "போகவில்லை" என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் இட்லி. போன தீபாவளிக்கும் வந்து நின்றார். நான் வழக்கம்போலப் பார்த்துவிட்டு, தலையை மட்டும் இன்னொருமுறை உற்றுப் பார்த்தேன். அவரே முந்திக்கொண்டார்:

"சாயம் போகல மாமா. முடிதான் போயிருக்குது."